ஏழாவது வளைவின் மஞ்சள் கொடி

ஜூலை 15, திங்கள்

வக்கீல் கிருபானந்தன் சொன்னதால் இதை எழுதுகிறேன். "நடந்தது நடந்தபடி, தேதி போட்டு எழுதி வைங்க சார். பின்னாடி அப்பீலுக்கு ஆகும்" என்றார். ஒரு கம்ப்ரசர் கம்பெனி புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி டிராயரில் சும்மா கிடந்தது.

என் பெயர் நந்தகோபால். வயது நாற்பத்து நான்கு. கோயம்புத்தூரில் ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாகக் கார் ரேஸ் ஓட்டுகிறேன். நேற்று கிணத்துக்கடவு டிராக்கில் இந்த சீசனின் மூன்றாவது ரேஸ். பதினோராவது லேப்பில், ஏழாவது வளைவுக்குள் நுழையும்போது, எனக்கு முன்னால் போன சிவப்புக் காரை முந்தினேன். அழகாக முந்தினேன். ஜெயித்தேன். கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, அது வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போன பிறகு வந்து சொல்கிறார்கள், அந்த இடத்தில் மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்ததாம்.

மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே என்று அர்த்தம். எனக்குத் தெரியாததா? பார்த்திருந்தால் குறைத்திருப்பேன். நான் பார்க்கவில்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன். தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் மெத்தை உதறுகிற மாதிரி ஒரு பெண்பிள்ளை ஆட்டினால், அதைக் கொடி என்று யார்தான் நினைப்பார்கள்?

வளைவுக்கு அப்பால் மணலில் சிக்கிய ஒரு காரை மார்ஷல்கள், அதாவது டிராக் ஓரம் நின்று கொடி காட்டி உதவுகிறவர்கள், நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் கார் அந்தப் பக்கம் கொஞ்சம் அகலமாகப் போய்விட்டது. எல்லாரும் டயர்ச் சுவருக்குப் பின்னால் குதித்தார்கள். அருள்தாஸ் என்பவர் குதித்த விதம் மட்டும் சரியில்லை. இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. என் கார் அவரைத் தொடவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

மழை. ஃபவுண்டரியில் இரும்பு வார்க்கும் அச்சு மண் ஈரம். நாலு பம்ப் கேசிங் ஓட்டை விழுந்து வீண்.

ஜூலை 20, சனி

தீர்ப்பு வந்துவிட்டது. நடுவர் குழுவில் மூன்று பேர். மூவரில் ஒருவராவது வாழ்க்கையில் நாலாவது கியரைத் தொட்டிருப்பாரா என்பது சந்தேகம். நான் ஜெயித்தது ரத்து. அது போதாதென்று, மூன்று வாரக் கடைசிகளுக்கு நான் மார்ஷல் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அதே ஏழாவது வளைவில் நின்று கொடி காட்ட வேண்டும். அந்த வளைவில் மார்ஷல்கள் நிற்கும் போஸ்ட்டின் தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அக்டோபர் ஆறாம் தேதி கடைசி ரேஸில் ஓட்ட முடியும். தலைவர் யார் என்று விசாரித்தேன். மெத்தை உதறிய அதே அம்மாள். பெயர் கலாமணி. தாலுகா ஆபீஸில் நில அளவையராம். சர்வேயரம்மா என்று கூப்பிடுகிறார்கள்.

அப்பீல் போட்டாகிவிட்டது. அந்த இடத்தில் கொடி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது, காட்டியதும் தாமதம் என்பது நம் வாதம். செப்டம்பர் ஆறாம் தேதி விசாரணை. ஜெயித்தால் போன ரேஸ் திரும்பக் கிடைக்கும். சாம்பியன் பட்டம் கிட்டத்தட்டக் கையில். பத்தொன்பது வருடத்தில் நான் பட்டம் வாங்கியதில்லை. இரண்டு முறை இரண்டாவது வந்திருக்கிறேன். ஒரு முறை கடைசி லேப்பில் கிளட்ச் போயிற்று. கழுத்து இப்போதே ரிவர்ஸ் எடுக்கத் திரும்ப மாட்டேன் என்கிறது. அடுத்த வருடம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. இதை யாரிடமும் சொல்வதில்லை.

அப்பீல் ஜெயித்தால் சர்வேயரம்மாவின் மார்ஷல் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சுகந்தி சாப்பாடு போடும்போது, "அந்த அருள்தாஸுக்குக் கை எப்படீங்க இருக்குது?" என்று கேட்டாள். என் மனைவிக்கு எப்போதும் இப்படிச் சம்பந்தமில்லாத கேள்விகள்தான் வரும்.

ஆகஸ்ட் 3, சனி

முதல் நாள். ஆரஞ்சு உடுப்பு வயிற்றில் இறுக்குகிறது. கலாமணிக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். என்னைக் கண்டு முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. நிலத்தை அளக்க வந்தவர் கல்லைத் தேடுவதுபோல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"மஞ்சக் கொடி புடிக்கறவங்க வண்டி வர்ற பக்கம் பார்க்கக் கூடாதுங் சார். வளைவுப் பக்கம் பார்த்துட்டு நிக்கணும். அங்க என்ன ஆகுதுன்னு தெரிஞ்சாத்தானே ஆட்ட முடியும்?"

"அப்ப பின்னால வர்ற வண்டி?"

"அத நான் பார்த்துக்கறேன். நான் நீலக் கொடி. உங்க முதுகுக்குப் பின்னால நின்னு வண்டி வர்ற பக்கம் பார்ப்பேன். ஏதாச்சும் நம்ம மேல வந்துச்சுன்னா உங்க பெல்ட்டப் புடிச்சு இழுப்பேன். இழுத்தா விழுந்துருங்க."

"எதுக்கு இழுக்கறீங்கன்னு திரும்பிப் பார்த்துட்டு விழக் கூடாதா?"

"பார்க்கறதுக்கு நேரம் இருந்தா நான் ஏனுங் சார் இழுக்கறேன்?"

பத்தொன்பது வருடமாக இந்த ஆட்களைக் கடந்து போயிருக்கிறேன். ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் என்பதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. ஏதோ சோம்பேறித்தனம் என்று நினைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பைக் ரேஸ். இருபத்திரண்டு பைக்குகள் என் முதுகுக்குப் பின்னால் நூற்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தன, நான் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்தேன். வேறு வார்த்தை கிடையாது. முதல் லேப்பில் கழுத்து தானாகத் திரும்பியது. திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிற அதே கழுத்துதான். கலாமணி பெல்ட்டைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கி, "அங்க பாருங்" என்றார். மூன்றாவது ரேஸ் வரும்போதுதான் அந்தப் பிடியை நம்பி மூச்சு விட்டேன்.

அருள்தாஸும் வந்திருந்தார். மாவுக்கட்டுக் கையோடு ஒரு ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த நேரத்தில் என்ன கொடி காட்டினோம் என்று பதிவேட்டில் எழுதுகிறார். முப்பது வயதுக்காரர். போத்தனூரில் பைக் வீல் கோட்டம் எடுக்கும் கடை. ஒரு கையால் வீலைச் சுற்றிக்கொண்டே மறு கையால் கம்பியை முறுக்க வேண்டிய வேலையாம். கடையைச் சாத்தி வைத்திருக்கிறார். "சும்மா வீட்ல இருந்தா வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் சார் கஷ்டம். அதான் இங்க வந்துட்டேன்" என்று சிரித்தார். என்னிடம் கோபமே இல்லை. இது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பெரிய ஃப்ளாஸ்க் கொண்டுபோயிருந்ததால் டீ மிச்சம் இருந்தது. அவருக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வக்கீலோடு டிராக்குக்குப் போனோம். ஏழாவது வளைவுக்கு முன்னால் ஒரு வாதநாராயண மரம் இருக்கிறது. அதன் கிளை ஒன்று டிராக் பக்கம் நீண்டிருக்கிறது. போட்டோகிராபரைத் தரையில் படுக்க வைத்து, கொடி கிளைக்குப் பின்னால் மறைகிற மாதிரி ஏழெட்டு முறை எடுத்தோம். கார் ஓட்டுகிறவர் தரையில் படுத்துக்கொண்டு ஓட்டுவதில்லை என்று போட்டோகிராபர் சொன்னார். அவர் வேலை படம் எடுப்பது மட்டும்தான் என்று வக்கீல் ஞாபகப்படுத்தினார்.

சாயங்காலம் தரணீஷ் வந்தான். சுகந்தியின் தம்பி, இருபத்து மூன்று வயது. ஜூனியர் பிரிவில் ஓட்டுகிறான். அவன் காரின் பக்கவாட்டில் எங்கள் ஃபவுண்டரியின் பெயர்தான் எழுதியிருக்கிறது. அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். "மாமா, நீங்க அன்னிக்கு ஏழாவதுல போனீங்கல்ல, அந்த வீடியோவ முப்பது தடவ பார்த்துட்டேன். கொடியப் பார்க்காத, ரோட்டப் பாரு, ரோடு காலியா இருந்தா போயிட்டே இருன்னு சொல்லுவீங்கல்ல. சும்மா தீயா இருக்கு மாமா" என்றான்.

அது பொதுவாகச் சொன்னது என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இரண்டாவது வாரக் கடைசி. கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த கார்களை ஓட்டினார்கள். பாதிக் கார்கள் ஓடின, பாதி எண்ணெய் கொட்டின.

ஒரு விஷயம் எழுதியே ஆக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு கார் வளைவில் சுழன்று நின்றது. நான் மஞ்சள் கொடியை ஆட்டினேன். சும்மா இல்லை, தோளிலிருந்து முழுக் கையையும் வீசி ஆட்டினேன். கலாமணி காட்டிக் கொடுத்தபடி மணிக்கட்டைச் சுழற்றினால் துணி கம்பில் சுற்றிக்கொள்ளாது. அப்படி ஆட்டியும் ஒரு தாடிக்காரப் பையன் வேகத்தைக் குறைக்காமல் போனான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை பெரிய துணியை ஒரு மனிதன் வெயிலில் நின்று ஆட்டுகிறான், கண் எங்கே போயிற்று? கால் ஓட்டுகிறதா, திமிர் ஓட்டுகிறதா? இதை நான் உரக்கவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அருள்தாஸ் பதிவேட்டில் குனிந்துகொண்டார். கலாமணி தண்ணீர் குடித்தார்.

ரேஸ் முடிந்த பிறகு கார்கள் ஒரு லேப் மெதுவாக வரும். அப்போது ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு போஸ்ட்டையும் கடக்கும்போது கையை உயர்த்தி மார்ஷல்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். இன்று பதினான்கு பேர் ஓட்டியதில் ஒன்பது பேர் கை உயர்த்தினார்கள். தாடிக்காரன் உயர்த்தவில்லை. நான் ஓட்டும்போது உயர்த்துவேனா என்று கலாமணியிடம் கேட்டேன்.

"நீங்க அப்பல்லாம் க்ளவுஸ் கழட்டிட்டு இருப்பீங்ணா" என்றார். எப்போது சாரிலிருந்து அண்ணா ஆனேன் என்று தெரியவில்லை.

இன்று அருள்தாஸுக்கு டீயோடு வர்க்கியும் வாங்கிப் போயிருந்தேன். அவர் இடது கையால் எடுக்கப் பார்த்து, பிறகு வலது கையால் எடுத்தார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அவிநாசி ரோடு சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த டெம்போக்காரர் இறங்கி வந்து, வண்டியில் ஏதாவது கோளாறா என்று அக்கறையாக விசாரித்தார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கடைசி வாரக் கடைசி.

ஜூனியர் ரேஸ். தரணீஷ் நாலாவதாக ஓடிக்கொண்டிருந்தான். ஆறாவது லேப்பில் ஒரு வெள்ளைக் கார் சுழன்று மணலில் போய் உட்கார்ந்தது. நான் மஞ்சளை எடுத்து ஆட்டினேன். இரண்டு மார்ஷல்கள் கயிறோடு ஓடினார்கள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலாமணியின் கை என் பெல்ட்டில் இருந்தது. முதல் மூன்று கார்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போயின. அவற்றுக்குப் பின்னால் வந்த காரை நான் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. அரை மூச்சு நேரம்தான். உடனே மறுபடி ஏறியது. பெல்ட் இழுத்தது, நான் மல்லாந்து விழுந்தேன். எங்களுக்கு ஒரு கை தூரத்தில், முன்னால் போன காரை முந்திக்கொண்டு ஒரு நீலக் கார் போயிற்று. பக்கவாட்டில் என் ஃபவுண்டரியின் பெயர்.

கயிறு பிடித்திருந்த இருவரும் டயர்ச் சுவரைத் தாண்டிக் குதித்தார்கள். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்று எங்களுக்குக் கை காட்டினார்கள்.

கலாமணி என் முதுகிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"கேட்டீங்களாண்ணா?"

"என்னது?"

"கால எடுத்துட்டு மறுக்கா மிதிச்சான். கொடியப் பார்க்காதவன் ஒரே சத்தமாப் போவான். கால எடுத்தான்னா பார்த்துட்டான்னு அர்த்தம். பார்த்துட்டு, போலாம்னு முடிவு பண்ணியிருக்கறான்." கீழே கிடந்த கொடியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "ஜூலை மாசமும் அப்படித்தானுங்ணா கேட்டுச்சு" என்றார்.

"அத ஏன் நீங்க எழுதிக் குடுக்கல?"

"ஃபாரத்துல கண்ணுல பார்த்ததுக்குத்தான் கட்டம் இருக்குது. காதுல கேட்டதுக்குக் கட்டம் இல்லீங்ணா."

என் மூன்று வாரக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

தரணீஷ் மேல் விசாரணை. கொடி காட்டியவன் என்ற முறையில் நான் ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நாலாவது கேள்வி இது: "கொடி ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரியும் நிலையில் இருந்ததா? ஆம் / இல்லை."

தரணீஷ் காலையிலேயே வந்துவிட்டான். "மாமா, சத்தியமா நான் பார்க்கவே இல்ல. அந்தக் கெளை மறைக்குது. நீங்களே அப்பீல்ல அதத்தான சொல்லியிருக்கீங்க?"

வக்கீலுக்குப் போனில் குதூகலம் தாங்கவில்லை. "இல்லைன்னு டிக் பண்ணுங்க சார். அங்கேயே நின்னு கொடி காட்டுன ஆளே தெரியாதுன்னு எழுதிக் குடுத்தா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? உங்க கேஸும் ஜெயிக்கும், பையன் கேஸும் ஜெயிக்கும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!"

அதாவது, நான் ஆட்டிய கொடி தெரியவில்லை என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். தோளிலிருந்து வீசி, மணிக்கட்டைச் சுழற்றி, துணி ஒரு முறைகூடச் சுற்றிக்கொள்ளாமல் நான் ஆட்டிய கொடி. எனக்கும் மானம் என்று ஒன்று இருக்கிறது.

சுகந்தி தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "எதை வேணா எழுதுங்க. எங்கம்மா வீட்டுக்குப் போய் நிக்கப் போறது நான்தான், அது எனக்குப் பழக்கம்." பிறகு தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஏனுங்க, அன்னிக்கு நீங்க பார்த்தீங்களா?" என்றாள்.

சட்னியில் உப்பு குறைச்சல் என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆம் என்று டிக் செய்து கொடுத்துவிட்டேன். கொடி நன்றாகத் தெரிந்தது. ஆட்டியது நான்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. அதே வளைவு, அதே மரம், அதே கொடி. என் அப்பீலுக்கு என் கையாலேயே கொள்ளி வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் ஃபவுண்டரிக்குப் போய் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

கிருபானந்தன் கெட்டிக்காரர். வழி கண்டுபிடித்துவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் டிராக்கில் மரங்களைக் கழித்தார்களாம். "ஜூலையில கெளை மறைச்சுது, செப்டம்பர்ல மறைக்கல. ரெண்டும் உண்மை! நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் சார். கேட்டா பார்க்கலைன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்த டைரியைக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். ஜூலை பதினைந்தாம் தேதியை எடுத்துப் படித்தேன். ஈரத்துண்டு, இரண்டு கை, மெத்தை. படித்துவிட்டு, டைரி தொலைந்துபோயிற்று என்று அவரிடம் சொன்னேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

விசாரணை பதினொரு மணிக்கு. வெளியே பெஞ்சில் கலாமணியும் அருள்தாஸும் உட்கார்ந்திருந்தார்கள். கலாமணி மார்ஷல் கார்டைக் கழுத்தில் மாட்டியிருந்தார். பிளாஸ்டிக் உறை ஓரம் கிழிந்து, உள்ளே இருந்த படத்தில் இன்னும் சின்னப் பெண்ணாக இருந்தார். பதிமூன்று வருடமாக வருகிறாராம். இதற்கு ஒரு பைசா கிடையாது. மதியம் ஒரு சாம்பார் சாதப் பொட்டலம் உண்டு.

அருள்தாஸுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கையை நீட்டித் திருப்பிக் காட்டினார். பாதி திரும்பி நின்றுவிட்டது. "இவ்வளவுதான் சார் வருது. இன்னும் கொஞ்சம் வருமாம். வீல் சுத்தற கை இது, அதான் பார்க்கறேன்."

உள்ளே வக்கீல் கிளையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். போட்டோக்களைப் பரப்பினார். அந்த மரத்தின் மேல் எனக்கே கோபம் வரும் அளவுக்குப் பேசினார். குழுத் தலைவர் என் ஃபாரத்தையும் அப்பீலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரிங்க. ஒரே கேள்விதான். ஜூலை பதினாலாந் தேதி நீங்க கொடியப் பார்த்தீங்களா, இல்லையா?"

வக்கீல் என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணில் பட்டம் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதே நேரத்தில் என் வலது கால் மேசைக்கு அடியில் ஒரு விரற்கடை மேலே எழுந்து மறுபடி கீழே இறங்கியது. ஜூலையில் அது செய்ததும் இதைத்தான். எடுத்தேன். மஞ்சளைப் பார்த்தேன், அந்த அம்மாளைப் பார்த்தேன், சிவப்புக் கார் தயங்கியதைப் பார்த்தேன், இனி இப்படி ஒரு சந்து கிடைக்காது என்று மறுபடி மிதித்தேன். மணலில் ஆட்கள் இருந்தது வளைவுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கொடியே.

"பார்த்தேன்" என்றேன். "நல்லாவே பார்த்தேன். அவங்க காட்டுனது சரியான நேரத்துல. தப்பு முழுக்க என்னுது."

வக்கீல் பரப்பிய போட்டோக்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறைக்குள் போட்டார்.

வெளியே வந்து அருள்தாஸிடமும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை. "அன்னிக்கு நான் கொடியப் பார்த்துட்டுத்தான் வந்தேன். உங்க கை என்னாலதான் போச்சு. என்னை மன்னிக்கணும்." வெட்கமாக இருந்தது.

"தெரியுங் சார்" என்றார். "வளைவுக்கு வர்றப்ப உங்க ஹெல்மெட் ஒரு தடவ கொடிப் பக்கம் திரும்புச்சு."

"அப்ப ஏங்க இத்தன நாளா ஒண்ணும் சொல்லல?"

"ஒவ்வொரு வாரமும் டீயும் வர்க்கியும் வாங்கிட்டு வந்தீங்க. எப்படியும் ஒரு நா சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். இவ்வளவு லேட் ஆகும்னு நெனைக்கல."

கலாமணி எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்துக் கார்டைக் கழற்றி, நாடாவைச் சுற்றி, கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 14, சனி

இரண்டு தீர்ப்புகளும் ஒரே தபாலில் வந்தன.

என் அப்பீல் தள்ளுபடி. குழுவிடம் பொய்யான வாக்குமூலம் கொடுத்ததற்காக ஒரு வருடத்துக்கு நான் ரேஸ் ஓட்டக் கூடாது. மார்ஷலாக இருக்கத் தடை ஏதும் இல்லை. பொய்யன் கையில் காரைக் கொடுக்கக் கூடாது, கொடியைக் கொடுக்கலாம் என்பது குழுவின் கருத்து போலிருக்கிறது.

தரணீஷ் கேஸில், கொடி தெளிவாகத் தெரிந்தது என்று சொல்லும் ஒரே அறிக்கை என்னுடையது. கலாமணி என்னைக் கீழே இழுத்துக்கொண்டிருந்த நேரம் ஆகையால் அவர் கொடியைப் பார்த்ததாக எழுதவில்லை. நேர்மையான மனுஷி. என் அறிக்கையைப் பற்றிக் குழு எழுதியிருப்பதை அப்படியே கீழே தருகிறேன். "முன்பு பொய் கூறியதாகத் தாமே ஒப்புக்கொண்ட ஒருவரின் சாட்சியத்தை ஏற்க இயலாது." சந்தேகத்தின் பலனைத் தரணீஷுக்கு அளித்து விடுவித்துவிட்டார்கள்.

ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். "ரொம்ப தேங்க்ஸ் மாமா. நீங்க அங்க போயி உண்மையச் சொல்லலைன்னா நான் மாட்டியிருப்பேன்."

மைசூர்பா நன்றாகத்தான் இருந்தது. ஒரு கடி கடித்துவிட்டுப் பெட்டியிலேயே திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

கடைசி ரேஸுக்கு என் கார் சும்மா நிற்கிறது. தரணீஷுக்குக் கொடுக்கலாமே என்று சுகந்தி கேட்டாள். அவளுக்கும் அம்மா வீட்டில் முகம் வேண்டும். சரி என்றேன்.

அக்டோபர் 3, வியாழன்

கலாமணியிடமிருந்து வாட்ஸ்அப். "ஞாயிறு 6.30. ஆள் பத்தலை. தொப்பி கொண்டு வரவும்." வருகிறீர்களா என்று கேட்கவில்லை. சரி என்று கட்டை விரல் போட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஸ்டார்ட்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. போஸ்ட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் கார் நிற்கும் இடத்துக்குப் போய், தரணீஷுக்கு சீட் பெல்ட்டை நானே இறுக்கிக் கட்டிவிட்டேன். பத்தொன்பது வருடமாக எனக்கு மற்றவர்கள் கட்டிவிட்டது.

"மாமா, ஏழாவது வளைவுல இன்னிக்கு யாரு?"

"நான்தான். மஞ்சக் கொடி."

"அட, அப்ப கவலையே இல்ல. நீங்க ஆட்டுனா கண்டிப்பா ஸ்லோ பண்ணிருவேன் மாமா. அக்கா மேல சத்தியமா."

"நான் இல்லாம வேற யாராச்சும் நின்னா?"

சிரித்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

"தரணீஷ், கேட்டதுக்குப் பதில் சொல்லு."

காதைத் தொட்டு, ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லை என்று சைகை காட்டினான். எஞ்சினை முடுக்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. இந்த வயதில் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அருள்தாஸ் இன்று மறுபடி வேலைக்கு வந்திருக்கிறார். அந்தக் கையோடு பதிவேடு எழுதினால் போதும் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மணல் பக்கம் போய் நின்றுவிட்டார். இங்கிருந்து பார்த்தால் டயர்ச் சுவர் அவருக்கு நாலு எட்டில் இருக்கிறது. போன மாதம் வரை எனக்கு அது பக்கமாகத் தெரிந்தது.

கார்கள் வரிசையில் நிற்கின்றன. கலாமணி நீலக் கொடியை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அருள்தாஸைப் பார்த்தபடி, தரணீஷ் வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.